சிலிக்கான் கார்பைடில் சிர்கோனியா பூச்சு உரிவது பற்றி

வணக்கம். சிலிக்கான் கார்பைடு துண்டுகளில் இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) கலந்த சிர்கோனியாவை (சிர்கோனியம் ஆக்சைடு), தூளை மிகச் சூடான வாயுவில் உருக்கித் தெளிக்கும் பிளாஸ்மா ஸ்ப்ரேயில் நேரடியாகப் பூசினால், 1300 டிகிரி நீராவி உலையில் சில சுற்றுகளிலேயே செதில் செதிலாக உரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்ப்ரே அளவுகளை மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம், பொருள் தேர்விலேயே சிக்கல் இருக்கிறது.

சிர்கோனியா சூட்டில் விரிவது சிலிக்கான் கார்பைடைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆறும்போது அது அதிகமாகச் சுருங்கி விரிசல் விடும். அதைவிடப் பெரிய தொல்லை, சூட்டில் ஆக்சிஜன் அயனிகள் சிர்கோனியா வழியே தாராளமாக ஊடுருவும் என்பது. அது அடியிலுள்ள சிலிக்கான் கார்பைடோடு சேர்ந்து சிலிக்கா (சிலிக்கான் ஆக்சைடு) உருவாகும். நீராவி பட்டால் அது சிலிக்கான் ஹைட்ராக்சைடு வாயுவாகப் பறந்துவிடும். உங்கள் துண்டுகளின் எடை குறைவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

முதலில் மெல்லிய சிலிக்கான் அடுக்கு, அதன் மேல் இட்டர்பியம் டைசிலிகேட் (இட்டர்பியமும் சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பீங்கான் வகை) பூசுங்கள். டைசிலிகேட்டின் விரிவு சிலிக்கான் கார்பைடுக்கு மிக நெருக்கமானது. ஆனால் சிலிக்கான் 1414 டிகிரியில் உருகும், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம் ஒன்று, இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஸ்ப்ரே செய்த டைசிலிகேட் சட்டென்று ஆறிக் கண்ணாடி நிலையிலேயே நின்றுவிடும். பிறகு உலையில் படிகமாகும்போது கன அளவு மாறி விரிசல் விடும். முல்லைட் என்ற அலுமினியம் சிலிகேட் பூச்சுக்கும் இதே கதைதான். முடிந்தால் துண்டை 1000 டிகிரிக்கு மேல் சூடாக வைத்துக்கொண்டே ஸ்ப்ரே செய்யுங்கள். அந்த வசதி இல்லையென்றால், சோதனைக்கு முன் உலையில் மெதுவாகப் பதப்படுத்தி, படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷனில் படிகமாகிவிட்டதா என்று பாருங்கள். முடிவு வந்ததும் குறுக்குவெட்டுப் படத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.