கேம்பர் வானில் குடும்பத்தோடு திருகோணமலை வருகிறோம், இரவில் ரோட்டோரம் படுக்கலாமா?

கேட்டவர் ஜெர்மனியில் இருக்கிறவர். ஓகஸ்டில் மனைவி, பிள்ளைகளோடு வந்து, கொழும்பில் கேம்பர் வான் ஒன்றை வாடகைக்கு எடுத்து, திருமலை (திருகோணமலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) பார்த்துவிட்டுக் கரையோரமாக மட்டக்களப்புக்குப் போகிற திட்டம். ஜெர்மனியில் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் வானுக்குள் படுத்துப் பழக்கமாம். இங்கேயும் அப்படிச் செய்யலாமா, கள்ளர் ஜன்னலால் மயக்க வாயு அடித்துத் திருடுவார்கள் என்று கேள்விப்பட்டேன், அது உண்மையா என்று கேட்டிருக்கிறார்.

நான் திருமலைக்காரி. வீட்டுக்காரர் டொல்பின் வான் ஓட்டுகிறார். பள்ளிக்கூட லீவு விட்டால் பின் சீற்றுகளைக் கழற்றி, பலகையடித்து, மெத்தையைப் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணம், பொத்துவில் என்று வெளிக்கிடுகிற குடும்பம் எங்களுடையது. என் பதில்: வானுக்குள் தாராளமாகப் படுங்கள், ரோட்டோரத்தில் மட்டும் வேண்டாம்.

முதலில் அந்த மயக்க வாயுக் கதை. ஐரோப்பாவில் கேம்பர்காரர் நடுவில் பல வருடமாக உலாவுகிற கதை அது. பிரித்தானியாவில் மயக்க மருந்து வைத்தியர்களுக்கு ஒரு ரோயல் கல்லூரி இருக்கிறது. ஈதர், குளோரோபோம், இப்போது சத்திரசிகிச்சைக்குப் பாவிக்கிற வாயுக்கள், எதையுமே ஜன்னலால் ஊதி உள்ளே இருப்பவருக்குத் தெரியாமல் மயக்க முடியாது என்று அவர்களே அறிக்கை விட்டிருக்கிறார்கள். ஈதரின் நெடிக்கு எவரும் இருமிக்கொண்டு எழும்பிவிடுவார். சத்திரசிகிச்சைத் தியேட்டரில்கூட மயக்கிய ஆளின் மூச்சைப் பார்த்துக்கொண்டு ஒரு வைத்தியர் பக்கத்திலேயே நிற்கிறார். கண்மூடித்தனமாக ஊதினால் நாலு பேரில் ஒருவராவது செத்துப்போயிருக்க வேண்டும். அதோடு, நாள் முழுக்க வான் ஓட்டிவிட்டுக் கும்பகர்ணத் தூக்கம் போடுகிற ஆளிடம் போனை எடுக்கக் கள்ளனுக்கு வாயு எதற்கு? திறந்த ஜன்னல் போதும்.

ஆனால் வானுக்குள் ஆளைக் கொல்லுகிற வாயு ஒன்று உண்டு. அது உங்கள் எஞ்சினிலிருந்தே வரும்.

ஓகஸ்டில் திருமலை இரவு எப்படி என்று தெரியும்தானே. மேற்கிலிருந்து கச்சான் காற்று நெருப்பாக அடித்துவிட்டு ஓயும், பிறகு இலை அசையாது. பிள்ளைகள் வேர்த்துக் கொட்டி அழுவார்கள். எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்தால் என்ன என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். புகையில் இருக்கிற காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஏற வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இது ஏறிக்கொள்ளும். முழித்திருப்பவருக்குத் தலையிடியும் வாந்தியும் வந்து எச்சரிக்கும். தூங்குகிறவர் அந்தத் தூக்கத்திலேயே மயங்கிப் போவார். வான் ஓடும்போது புகை பின்னால் பறந்துவிடுகிறது. நின்றிருக்கும்போது அடியிலேயே தங்கி, துருப்பிடித்த தளத்தாலும் பின் கதவின் தேய்ந்த ரப்பராலும் உள்ளே ஏறும். சுவரோடு ஒட்டி நிறுத்தினாலும், புகைக்குழாய் மணலில் புதைந்தாலும் இன்னும் மோசம். டீசலில் பெற்றோலைவிடக் குறைவு என்பது உண்மைதான், அதை நம்பிப் பிள்ளைகளைப் படுக்க வைக்க என்னால் முடியாது.

வாடகைக்கு வருகிற வான்கள் அநேகமாக வயதானவை. எங்கள் கராஜில் ஒரு சோதனை செய்வார்கள். எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, தடித்த ஈரச்சாக்கைச் சுருட்டிப் புகைக்குழாய் வாயை இரண்டு மூன்று விநாடி அடைத்துப் பிடிப்பார்கள். குழாய் முழுசாக இருந்தால் எஞ்சின் முக்கி முனகி நிற்கப் பார்க்கும். எங்காவது ஓட்டை இருந்தால் எஞ்சின் பாட்டுக்கு ஓடும், வானுக்கு அடியிலிருந்து ‘புஸ்’ என்று சீறும். குனிந்து டோர்ச் அடித்தால் அந்த ஓட்டையைச் சுற்றிக் கரி படிந்திருப்பது தெரியும். நீங்கள் செய்யப் போய்க் கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள், வானைக் கையேற்க முதல் ஒரு மெக்கானிக்கைக் கொண்டு பார்ப்பியுங்கள். ஜெர்மனியில் கேம்பர்களுக்கும் படகுகளுக்கும் என்று ஈஎன் 50291-2 தரத்தில் காபன் மொனொக்சைட் அலாரம் விற்கிறது. ஒன்றை வாங்கிப் பெட்டிக்குள் போட்டு வந்து தலைமாட்டுக்குக் கிட்ட வையுங்கள். வெக்கைக்கு வழி, எதிரெதிராக இரண்டு ஜன்னல், இரண்டுக்கும் நுளம்பு வலை, இரண்டாவது பற்றரியில் ஓடுகிற 12 வோல்ட் ஃபேன். ஏசி அளவுக்குக் குளிராது, ஆனால் நித்திரை வரும்.

காஸ் அடுப்பு இருந்தால் சமையல் வெளியில். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் கட்டிலுக்கு அடியில் குளம் மாதிரித் தேங்கி நிற்கும். குழாய் மூட்டில் சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் அந்தக் குழாய் வேண்டாம். படுக்கும்போது சிலிண்டர் வாயையே பூட்டுங்கள். நுளம்புத்திரியை மெத்தைக்குக் கிட்டக் கொளுத்துவதும், மழை தூறுகிறது என்று அணைந்தும் அணையாத கரியடுப்பை உள்ளே தூக்கி வைப்பதும் வேண்டவே வேண்டாம். கரித்தணலிலிருந்தும் அதே வாயுதான் வரும்.

இனி இடம். ஜெர்மனியில் களைத்த சாரதி வாகனத் தரிப்பிடத்தில் ஓர் இரவு படுத்து எழும்புவதைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது, மலசலகூடமும் வெளிச்சமும் இருக்கிறது. உங்கள் வழியில் அதிவேகப் பாதை, 2022 ஜனவரியில் திறந்த மீரிகம–குருநாகல் துண்டோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று ஏ6 வீதிதான். அதன் ஓரம் லொறிகளின் வழி. விடியப்புறம் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் அரைத்தூக்கத்தில் வருகிற மரக்கறி லொறிக்காரருக்கு உங்கள் ஹசார்ட் லைட் கண்ணில் படும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் படுப்பது இருக்கட்டும், இருட்டியபின் நிறுத்தவே வேண்டாம். மின்னேரியா, கவுடுல்ல காடுகளின் யானைகள் மாறித் திரிகிற பகுதி அது. நீங்கள் வருகிற ஓகஸ்டில்தான் மின்னேரியாக் குளம் வற்றி, புல்லுக்கு யானைக் கூட்டங்கள் அந்தப் பக்கம் இறங்கும். 2025 பெப்ரவரியில் ஹபரணைக்குக் கிட்டப் பயணிகள் ரயில் மோதி ஒரே இரவில் ஆறு யானைகள் செத்தன. ரோட்டுக்கரையில் நிற்கிற தனியன் யானைக்குச் சனம் பழம் எறிந்து எறிந்து, வாகனம் என்றால் சாப்பாடு என்று அதற்கு விளங்கிவிட்டது. உங்கள் வானுக்குள் வாழைக்குலை இருந்தால் ஜன்னல் கண்ணாடி அதற்கு ஒரு தடையே இல்லை. பின்னேரம் நாலு மணிக்குள் ஹபரணையைத் தாண்ட முடியாவிட்டால் தம்புள்ளையிலேயே ஒரு விடுதி வளவில் நின்றுவிடுங்கள். ஆறரைக்கு இருட்டிவிடும்.

சரி, எங்கே படுப்பது? நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: அந்த இடத்துக்கு ஒரு பொறுப்பாளி இருக்க வேண்டும், நாம் படுத்திருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆளில்லாத அழகான இடம் எனக்குப் பிடிக்கும், பகலில். கந்தளாய்ப் பக்கம் இரவிலும் திறந்திருக்கிற பெற்றோல் செட் ஒன்றில் நாங்கள் கேட்டுவிட்டுப் படுப்பதுண்டு. முதல் தடவை காவலுக்கு நின்ற நாநா டோர்ச்சைத் தூக்கிக்கொண்டு வந்து, “தங்கச்சி, அந்த மூலையில போடாதீங்க, மூணு மணிக்கு பவுசர் வந்து திரும்புற இடம். இந்தப் பக்கம் தள்ளிப் போடுங்க” என்றார். பவுசர் எண்ணெய் இறக்குகிற நேரம் அதற்குக் கிட்ட நிற்கவே கூடாது என்பதை அவர்தான் சொன்னார். இந்த விபரம் எந்த ஆப்பிலும் கிடைக்காது. செட்டில் படுத்தால் அடுப்பு மூட்டக் கூடாது, அது சொல்லாமலே தெரியும்.

சிங்கள ஊர்களில் “மெதன நவத்தன்ன புளுவன்த?” என்று கேளுங்கள், இங்கே நிறுத்தலாமா என்று அர்த்தம். உச்சரிப்புப் பிழைத்தாலும் சிரித்துக்கொண்டு இடம் காட்டுவார்கள். கோயில் வளவுகளும் நல்லது. கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் வருடா வருடம் கோயில் வளவுகளில் படுத்துத்தான் போகிறார்கள், அதனால் வழிப்போக்கர் கேட்பது எங்கள் பக்கத்தில் புதினம் இல்லை. பூசகரிடமோ தலைவரிடமோ கேளுங்கள், மீன் மச்சம் சமைக்காதீர்கள். திருமலை வந்து சேர்ந்தால் உப்புவெளியிலும் அலஸ்தோட்டத்திலும் நிலாவெளியிலும் சின்னச் சின்ன விடுதிகள் நிறைய. அறை எடுக்காமல், வளவில் வான் நிறுத்தவும் குளியலறை பாவிக்கவும் மட்டும் காசு கொடுக்கிறேன் என்றால் ஒத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நிலாவெளி மணலில் இறக்கி, கதவைத் திறந்தால் கடல் என்று படுக்க எல்லோருக்கும் ஆசை. ரயர் புதையும், அது ஒரு பக்கம். ஓகஸ்டில் அங்கே கரைவலை, அதாவது கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற பெரிய வலை, நடக்கும். மீனவருக்கு ஒவ்வொரு பாடும், அதாவது வலை இழுக்கிற இடமும், சொந்த வயல் போல. கயிறு வருகிற வழியில் உங்கள் வான் நின்றால் விடியவே தட்டி எழுப்புவார்கள், அவர்கள் பக்கம்தான் நியாயம். முதல்நாள் பின்னேரமே அவர்களுடைய வாடிக்கு (கரையில் இருக்கிற கொட்டிலுக்கு) போய், “அண்ணன், நாளைக்கு வலை எங்க இழுப்பீங்க?” என்று கேட்டுவிட்டால், ஒதுங்கி நிற்க நல்ல இடத்தை அவர்களே காட்டுவார்கள். இரவில் அந்தப் பக்கம் குடிகாரர் வந்தாலும் வாடியில் ஆள் இருக்கும். தென்னைக்குக் கீழே மட்டும் நிறுத்தாதீர்கள்.

டவுனில் கடற்படை, இராணுவ முகாம் மதில்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் நடுச்சாமத்தில் விசாரணை வரும். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியே கோட்டைக்குள்ளால், அங்கே முகாம் இருக்கிறது, ஆகவே கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுங்கள். இரவில் வானைச் சுற்றி யாரோ மெதுவாக நடக்கிற சத்தம் கேட்டால் எட்டிப் பாருங்கள், பெரும்பாலும் மான். எங்கள் டவுனில் புள்ளிமான்கள் குப்பை கிளறிக்கொண்டு ரோட்டில் திரிகின்றன.

வானின் மூக்கு எப்போதும் வெளியேறுகிற பக்கம் பார்த்து நிற்கட்டும். கட்டிலிலிருந்து சாரதி சீற்றுக்கு வெளியே இறங்காமல் போகக்கூடியதாக நடுவழியில் பெட்டி வைக்காதீர்கள். திறப்புக்கு ஒரே இடம், அது எங்கே என்று மனைவிக்கும் தெரிய வேண்டும். (எங்கள் வீட்டில் இதற்குத்தான் அதிகம் சண்டை.) யாராவது தட்டினால் கதவைத் திறக்காமல் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிக் கதையுங்கள். பொலிஸ் என்றால் அடையாள அட்டையைக் கேட்கலாம், சந்தேகம் என்றால் 119க்கு எடுத்து விசாரிக்கலாம். மனதுக்குப் பிடிக்காத தட்டல் என்றால் பதில் சொல்லாமல் எஞ்சினைப் போட்டுக் கிளம்புங்கள். பிள்ளைகளுக்கு மூடியுள்ள வாளி ஒன்றை உள்ளேயே வையுங்கள். இருட்டில் பற்றைக்குள் இறங்கினால் கள்ளனைவிடப் புடையன் பாம்பைச் சந்திக்கிற வாய்ப்புத்தான் கூட.

மட்டக்களப்புக்குக் கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை வழியாகப் போங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் நல்ல பாதை, ஆனால் மூதூரைத் தாண்டினால் நெடுந்தூரம் ஆளில்லை, யானையும் உண்டு. அதைப் பகலில் முடித்துவிடுங்கள்.

போனில் இந்த இலக்கங்களைப் போட்டு வையுங்கள்: இலவச அம்புலன்ஸ் 1990, வனவிலங்குத் திணைக்களம் 1992, சுற்றுலாப் பொலிஸ் 1912. காலையில் இரண்டு பேருக்கு மேல் ஒன்றாகத் தலையிடி, தலைச்சுற்று என்று எழும்பினால் காய்ச்சல் என்று நினைக்காமல் எல்லோரையும் வெளியே இறக்கிவிட்டு உடனே 1990க்கு எடுங்கள்.

காசு கட்ட முதல் வான்காரரிடம் இரண்டாவது பற்றரி, ஃபேன், ஜன்னல் வலை, காஸ் குழாய் மாற்றிய திகதி நான்கையும் கேளுங்கள். “ஏசி இருக்குத்தானே, இரவு முழுக்கப் போட்டுக்கொண்டு படுக்கலாம்” என்று அவர் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.