ஐஸ் ஹாக்கியில் சண்டை போடுவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருப்பார்களாமே, உண்மையா? அப்படிப்பட்டவரின் வாழ்க்கை எப்படி இருக்கும்?

உண்மைதான், இப்போது அரிதாகிவிட்டாலும். என்ஃபோர்ஸர் என்று அந்த ஆளுக்குப் பெயர். கோல் போடுவது அவர் வேலையில்லை. தன் அணியின் நட்சத்திர ஆட்டக்காரரை எதிரணியில் எவனாவது முறைகேடாக இடித்தால், அடுத்த நிமிடம் அவன் தன்னை எதிர்கொள்ள வேண்டியிருக்கும் என்பதை நினைவூட்டத்தான் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். தமிழில் சட்டென்று வாயில் வரும் சொல் 'அடியாள்'. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு பெரியவரோடு வேலை பார்க்கும்வரை.

கனடா வந்த புதிதில் மிசிசாகாவில் ஒரு மெஷின் ஷாப்பில் இருந்தேன். பக்கத்து லேத்தில் அறுபதை நெருங்கிய ஒருவர். சின்ன ஸ்க்ரூ எதையாவது எடுக்க வேண்டுமென்றால் வலதுகைக்காரரான அவர் இடது கையைத்தான் நீட்டுவார். வலது கை முழுசாக மூடாது. விரல் கணுக்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. பல மாதம் கழித்துத்தான் கேட்டேன். இளமையில் சிறிய லீக்குகளில் ஆறேழு வருடம் இந்த வேலை பார்த்தவராம். ஹெல்மெட்டில் குத்திக் குத்தி அப்படி ஆன கை அது.

எங்கே அதிகம் வலிக்கும் என்று கேட்டேன். வலியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானத் தூக்கத்தைப் பற்றிச் சொன்னார். ஹாக்கி ஆட்டக்காரர்கள் காலையில் லேசாகப் பயிற்சி செய்துவிட்டு, சாப்பிட்டு, மத்தியானம் ஒரு தூக்கம் போட்டுவிட்டு ராத்திரி ஆட்டத்துக்குப் போவது வழக்கம். ஆறேழு வருடத்தில் ஒரு மத்தியானம்கூட அவர் தூங்கியதில்லையாம். எதிரணியில் இன்று யார், அவன் இடதுகைக்காரனா, போன முறை எப்படிப் பிடித்தான் என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்குமாம். ஆட்டத்தில் சண்டை வராமலே போனால் இன்னும் மோசம். அந்தப் பயம் அடுத்த ஊருக்கு பஸ்ஸில் கூடவே வரும்.

அந்தச் சண்டைக்கும் ஒரு முறை உண்டு. இருவரும் சம்மதித்து, ஸ்டிக்கைப் போட்டுவிட்டு, கிளவ்ஸைக் கழற்றி எறிவார்கள். காலுக்குக் கீழே பனி. ஊன்றி நிற்க முடியாது. அதனால் ஒரு கை எதிராளியின் ஜெர்ஸியைத் தோளருகே இறுகப் பிடித்திருக்க, மறு கை குத்தும். அந்தப் பிடிதான் அஸ்திவாரம், அது நழுவினால் சண்டை முடிந்தது. ஜெர்ஸியைத் தலைக்கு மேல் இழுத்துக் கண்ணை மறைத்துவிடாமலிருக்க அதைப் பின்பக்கம் கால்சட்டையோடு ஒரு பட்டையால் கட்டியிருப்பார்கள். ஒருவர் விழுந்ததும் துணை நடுவர்களான லைன்ஸ்மேன்கள் குறுக்கே புகுவார்கள். இருவரும் ஆளுக்கு 5 நிமிடம், ஆட முடியாமல், பெனால்டி பாக்ஸ் என்ற ஓரக் கூண்டில் உட்கார வேண்டும். வம்பைத் தொடங்கியவர் என்று நடுவர் ஒருவரைக் கை காட்டினால் அவருக்கு அதற்கு மேலும் தண்டனை உண்டு. விழுந்தவனை அடிக்கக் கூடாது, அடிபட்ட கையோடு வருபவனைச் சண்டைக்கு இழுக்கக் கூடாது என்பவை எந்தப் புத்தகத்திலும் எழுதாமல் அவர்களுக்குள் காத்த ஒழுங்கு.

நான் கவனித்துப் பின்தொடர்ந்த என்ஃபோர்ஸர் ஜான் ஸ்காட். 1982-ல் எட்மண்டனில் பிறந்து ஒன்டாரியோவின் செயின்ட் கேத்தரின்ஸில் வளர்ந்தவர். 6 அடி 8 அங்குலம். வட அமெரிக்காவின் முதல்நிலை ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லின் அணிகள் ஆண்டுதோறும் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் எவரும் அவரைச் சீண்டவில்லை. மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துக்கொண்டே டிஃபென்ஸில் ஆடினார். நானும் மெக்கானிக்கல்தான் என்பதால் அந்த ஒரு வரியே என்னை அவரிடம் இழுத்தது. படித்து முடித்ததும் ஹூஸ்டனில், இரண்டாம் அடுக்கான ஏஹெச்எல்லில் ஆடப் போனார். அங்கேதான் அந்த உயரத்துக்கு ஏற்ற வேலை அவரிடம் வந்து சேர்ந்தது.

2008-09 சீசனில் மினசோட்டா வழியாக என்ஹெச்எல்லுக்குள் நுழைந்தார். அதற்குப் பிறகு சிகாகோ, நியூயார்க் ரேஞ்சர்ஸ், பஃபலோ, சான் ஹோசே, அரிசோனா, கடைசியாக மான்ட்ரியால். எட்டு சீசனில் ஏழு அணிகள். மாறுதல் உத்தரவு வந்தால் மறுநாளே பெட்டி கட்ட வேண்டும். மனைவி குழந்தைகளோடு வீட்டைக் காலி செய்து பின்னால் வர வேண்டும். போகிற ஊரிலும் ராத்திரிக்கு ஐந்தாறு நிமிட ஆட்டம், பல ராத்திரிகளில் அதுவும் இல்லை. மொத்தக் கணக்கு: 286 ஆட்டங்கள், 5 கோல்கள், 544 பெனால்டி நிமிடங்கள். தண்டனை நேரம் மட்டுமே ஒன்பது மணி நேரத்துக்கு மேல்.

அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. 2013 அக்டோபரில் பாஸ்டனின் லூயி எரிக்சனைத் தலையில் இடித்ததற்காக 7 ஆட்டங்களுக்குத் தடை பெற்றார். எரிக்சனுக்கு மூளை அதிர்ச்சி. அந்த வீடியோவை இப்போது பார்த்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

மினசோட்டாவில் அவரோடு ஒரே பெஞ்சில் இருந்தவர் டெரெக் பூகார்ட். லீக்கே அஞ்சிய கை அது. 277 ஆட்டங்களில் 3 கோல்கள். வலி மாத்திரைக்கு அடிமையாகி, 2011 மே மாதம் மதுவும் மாத்திரையும் கலந்ததில் இறந்துபோனார். வயது 28. அவருடைய மூளையை ஆராய்ந்த பாஸ்டன் பல்கலைக்கழகம், திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சிடிஇ என்ற சிதைவு அந்த வயதுக்கு மிக முற்றியிருந்ததைக் கண்டது. அதே கோடையில் ரிக் ரிப்பியன், வேட் பிலாக் என்று இதே வேலை பார்த்த இன்னும் இருவர் இறந்தார்கள். நான்கு மாதத்துக்குள் மூன்று பேர். அந்த ஆகஸ்ட் முழுவதும் எங்கள் லஞ்ச் ரூமில் ஹாக்கி பேசியவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். பெரியவர் பேசவே இல்லை.

சண்டை இந்த ஆட்டத்துக்குத் தேவையில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் பழியை அந்த ஆட்கள் தலையில் மட்டும் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சம்பளம் கொடுத்தது அணி. கிளவ்ஸ் கீழே விழுந்த நொடியில் இருக்கையை விட்டு எழுந்து கூச்சலிட்டது அரங்கம். ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கும் சாமியிடம் காவல் கேட்டுவிட்டு, கோயிலுக்குள் மட்டும் வராதே என்று சொன்னது போலத்தான் அந்த லீக் அவர்களை நடத்தியது.

2016-ல் நடந்ததை வேறு எப்படிச் சொல்வது? அந்த ஆண்டு, லீக்கின் நட்சத்திரங்கள் கூடி ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ரசிகர்கள் ஓட்டுப் போட்டுப் பிரிவுக்கு ஒருவராகக் கேப்டன்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்காட் பெயரை யாரோ வேடிக்கையாகக் கிளப்ப, அது பரவி, பசிபிக் பிரிவில் அவரே முதலிடம் பெற்றார். அரிசோனாவுக்காக அப்போது அவர் ஆடியிருந்தது 11 ஆட்டங்கள், கோல் ஒன்றுகூட இல்லை. விலகிக்கொள்ளும்படி சொல்லிப் பார்த்தார்கள். லீக்கைச் சேர்ந்த ஒருவர், இதைப் பார்த்து உன் குழந்தைகள் பெருமைப்படுவார்களா என்று கேட்டதாக அவரே பின்னர் எழுதினார். அந்தக் கேள்விதான் தன்னைப் போக வைத்தது என்றும் எழுதினார்.

ஜனவரி 15 அன்று அவரை மான்ட்ரியாலுக்கு மாற்றினார்கள். மான்ட்ரியால் உடனே நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸில் உள்ள தன் ஏஹெச்எல் அணிக்கு அனுப்பியது. பாலைவனத்திலிருந்து கண்டத்தின் மறுகோடியில் அட்லாண்டிக் கரைக்கு. மனைவி வயிற்றில் இரட்டைக் குழந்தைகள், நிறைமாதம். ஆல்-ஸ்டாரில் ஆடவிடாமல் செய்யவே இந்த மாற்றம் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். கடைசியில் லீக் இறங்கிவந்து அனுமதித்தது.

ஜனவரி 31, நாஷ்வில். பெரியவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். மூன்று பேருக்கு மூன்று பேர் ஆடும் ஆட்டம், முழுக்க வேகம். தடுமாறி மானம் போய்விடுமோ என்று எனக்கே கை வியர்த்தது. தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் முதல் கோல். பிறகு இரண்டாவது, தனியாகப் பாய்ந்து போய் அடித்தது. அரங்கம் முழுக்க எம்விபி, எம்விபி என்று முழங்கியது. எம்விபி எனப்படும் சிறந்த ஆட்டக்காரருக்கான ஓட்டெடுப்புக்கு லீக் கொடுத்த பட்டியலில் ஸ்காட் பெயரே இல்லை. ரசிகர்கள் தாங்களாகவே எழுதிச் சேர்த்து அவரை ஜெயிக்க வைத்தார்கள். சக ஆட்டக்காரர்கள், கோடிகளில் சம்பளம் வாங்குபவர்கள், அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

அதன் பிறகு மான்ட்ரியாலுக்காக ஏப்ரலில் ஒரே ஓர் ஆட்டம். டிசம்பரில் ஓய்வை அறிவித்தார். ஏஹெச்எல்லில் இருப்பவரை ஆல்-ஸ்டாருக்குத் தேர்ந்தெடுக்க முடியாதபடி லீக் விதியைத் திருத்திக்கொண்டது. இன்று அணியின் கடைசி வரிசையான நான்காவது லைனில் ஆடுபவரும் வேகமாக ஸ்கேட் செய்தே ஆக வேண்டும்; ராத்திரிக்கு ஐந்து நிமிடம் ஆடும் ஒருவருக்காக இடம் ஒதுக்கப் பெரும்பாலான அணிகள் தயாராக இல்லை.

அன்று ராத்திரி ஸ்காட்டைத் தூக்கியபோது நான் சோபாவிலிருந்து குதித்து எழுந்துவிட்டேன். பெரியவர் எழவில்லை. முழுசாக மூடாத அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தப் பெண்ணுக்குப் பிரசவம் ஆயிற்றா?"

இன்னும் இல்லை என்றேன். சில நாட்களில் செய்தி வந்தது, தாயும் இரட்டைக் குழந்தைகளும் நலம். காபி இடைவேளையில் லேத் அருகே போய் அவரிடம் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டு, பெயர் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார்.