ஆரம்ப நிலையில் இருக்கும் நானோ வைரஸ் மருந்து கம்பெனியின் பங்கை வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் நானோ துகளால் வைரஸை முடக்கும் மருந்து முதல் கட்டச் சோதனையைத் தாண்டிவிட்டதாம். பங்கு மலிவாக இருக்கிறது. குறுவை நெல் போட்ட பணம் கையில் இருக்கிறது. போடலாமா?

பதில்:

மருந்தின் மேல் உங்களுக்கு வந்திருக்கும் நம்பிக்கை வீண் இல்லை. ஆனால் மருந்து ஜெயிப்பது வேறு, பங்கு வாங்கியவர் ஜெயிப்பது வேறு. மன்னார்குடியில் பங்குத் தரகு வேலை பார்க்கிறேன். கொள்முதல் நிலையத்துப் பணம் வங்கியில் ஏறியதும் இதே கேள்வியோடு வருகிறவர்கள் உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நானோவிரிசைட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியையே எடுத்துக்கொள்வோம். பல வைரஸ்கள் நம் செல்லின் மேல் இருக்கும் ஹெப்பரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலியைப் பிடித்துத்தான் உள்ளே ஏறுகின்றன. அதே பிடியைத் துகளின் மேல் வைத்துவிட்டால், வைரஸ் ஏமாந்து அதில் ஒட்டிக்கொண்டு முடங்கும் என்பது அவர்கள் கணக்கு. வைரஸ் எவ்வளவு உருமாறினாலும் இந்தப் பிடியை விட்டுவிடுவது அதற்குச் சுலபம் இல்லை. கவர்ச்சியே அங்கேதான். 2018-ல் அமெரிக்கா அனுமதித்த ஆன்பாட்ரோ என்ற மருந்தும், கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளும் நானோ துகளில்தான் உடம்புக்குள் போகின்றன. ஆனால் அங்கே துகள் மருந்தைச் சுமக்கிறது. இங்கே துகளே மருந்து. அந்த வெற்றியை இதற்குச் சாட்சியாகக் கொள்ள முடியாது.

முதல் கட்டச் சோதனை என்பது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்து, உடம்பு தாங்குகிறதா என்று பார்ப்பது. நோய் குணமாகிறதா என்பது அடுத்த கட்டங்களின் வேலை. 2011 முதல் 2020 வரையிலான ஒரு கணக்கின்படி, முதல் கட்டத்தில் நுழைந்த மருந்துகளில் ஒப்புதல் வரை போனவை 7.9 சதவீதம்தான்.

இனி காசு விஷயம். இந்தக் கம்பெனி தொடங்கியது 2005-ல். கோவிட் மருந்தின் முதல் கட்டச் சோதனை நம் நாட்டில் நடந்தது 2023 வாக்கில். இத்தனை வருஷமும் விற்க மருந்து கிடையாது, ஆய்வகம் மட்டும் ஓடியாக வேண்டும். அதற்குப் புதுப் பங்குகளை வெளியிட்டு விற்பார்கள். விதை நெல்லுக்குக் காசில்லாமல் ஒரு வேலி, அதாவது இருபது மா நிலத்தில் வருஷத்துக்கு ஒரு மா எழுதிக் கொடுப்பது மாதிரிதான் இது. அறுவடை வரும்போது உங்கள் பங்கில் எத்தனை மா மிஞ்சியிருக்கும்? 2013-ல் மூன்றரை பங்கை ஒன்றாகச் சேர்த்தார்கள், 2019-ல் இருபதை ஒன்றாக்கினார்கள். ஆதியில் 70 பங்கு வைத்திருந்தவர் கையில் இப்போது ஒன்று. சேர்ப்பதால் மட்டும் மதிப்பு குறையாது, பங்கின் விலை அதே அளவுக்குக் கூடும். ஆனால் இறங்கிப் போன விலையைத் தூக்கிக் காட்டத்தான் பெரும்பாலும் இதைச் செய்வார்கள். 2020 ஜனவரியில் கொரோனா செய்தி வந்ததும் இந்தப் பங்கு சர்ரென்று ஏறியது, அந்த உயரத்தில் நிலைக்கவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு, அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் இப்படியொரு கம்பெனியின் ஆண்டறிக்கைகளைத் திறந்து காட்டினேன். மொத்தம் எத்தனை பங்குகள் என்பது முகப்பிலேயே இருக்கும். வருஷவாரியாக அந்த எண்ணை மட்டும் துண்டுச் சீட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார். பிறகு மருந்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

நீங்களும் அதைச் செய்யுங்கள். கம்பெனியின் கையிருப்புப் பணத்தை அதன் ஒரு வருஷச் செலவால் வகுத்துப் பாருங்கள். ஒன்றுக்குக் கீழே வந்தால் புதுப் பங்கு சீக்கிரமே வரும் என்று வைத்துக்கொள்ளலாம். சம்பா உழவுக்கும் உரத்துக்கும் வைத்திருக்கும் பணத்தை இதில் தொடவே தொடாதீர்கள். அது போக மீதி இருந்து, முழுதும் போனாலும் வீடு தாங்கும் என்றால், சிறு தொகை உங்கள் விருப்பம்.