இரவில் மட்டும் ஃபெயில் ஆகும் டெஸ்ட்

கேள்வி: எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறேன். ஜென்கின்ஸ் பைப்லைனில் (வேலைகளை வரிசையாகத் தானே ஓட்டும் கருவி) டாக்கர் வைத்து, அதாவது கோடையும் அதற்குத் தேவையானதையும் கன்டெய்னர் என்ற ஒரே பெட்டியில் அடைத்து, பில்டு, டெஸ்ட், டிப்ளாய் எல்லாம் தானாக நடக்கிறது. ஸ்டேஜிங்குக்கு (சோதனைக்கான இடம்) ஒரு பில்டு, அது சரியாக இருந்தால் புரொடக்‌ஷனுக்கு இன்னொரு பில்டு. என் லேப்டாப்பில் எப்போதும் பாஸ் ஆகிற ஒரு டெஸ்ட், நள்ளிரவு தாண்டி ரிலீஸ் போடும்போது மட்டும் பைப்லைனில் ஃபெயில் ஆகிறது. காலையில் மறுபடி ஓட்டினால் பாஸ். கன்டெய்னர் என்றால் எங்கே ஓடினாலும் ஒரே மாதிரி என்றார்களே?
- ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அந்த டெஸ்ட்டில் 'இன்றைய தேதி' எங்காவது வருகிறதா, முதலில் அதைப் பாருங்கள். இமேஜ் என்பது கன்டெய்னருக்கான அச்சு; அதற்கு அடித்தளமாக நாம் எடுக்கிற பேஸ் இமேஜ்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. அதாவது பெங்களூரில் இரவு 12 மணியிலிருந்து விடியற்காலை 5.30 வரை கன்டெய்னருக்குள் இன்னும் நேற்றுதான். உங்கள் கோடு இந்திய நேரத்தில் தேதி கணக்குப் போட்டு, டெஸ்ட் மட்டும் மெஷினின் தேதியை எதிர்பார்த்தால், அந்த ஐந்தரை மணி நேரத்துக்கு இரண்டும் ஒத்துப்போகாது. லேப்டாப்பில் இரண்டுமே இந்திய நேரம் என்பதால் தெரியவே தெரியாது.

இமேஜில் டைம்ஸோனைக் கொல்கத்தா என்று மாற்றிவிட்டால் டெஸ்ட் பாஸ் ஆகிவிடும், ஆனால் தயவுசெய்து அதோடு நிறுத்தாதீர்கள், பிழை அப்படியே உள்ளே இருக்கும். நேரத்தை வெளியிலிருந்து கொடுக்கிற மாதிரி கோடை மாற்றி, டெஸ்ட்டில் இரவு 12.10 என்று வேண்டுமென்றே வைத்து ஓட்டுங்கள். அப்புறம், லேப்டாப்பிலும் டெஸ்ட்டை அதே கன்டெய்னருக்குள் ஓட்டுங்கள். எங்கும் ஒரே மாதிரி என்ற வாக்கு கன்டெய்னருக்குள் இருப்பதற்கு மட்டும்தான், நீங்கள் வெளியே ஓட்டிப் பார்த்துவிட்டு உள்ளே நடப்பதோடு ஒப்பிடுகிறீர்கள்.

டெஸ்ட்டைவிட எனக்குக் கவலையாக இருப்பது அந்த இரண்டாவது பில்டு. இமேஜை உருவாக்கும் கட்டளைகள் உள்ள டாக்கர்ஃபைல் ஒன்றே என்றாலும் அதிலிருந்து வருகிற இமேஜ் ஒன்றே அல்ல. நடுவில் பேஸ் இமேஜின் டேகுக்கு (பெயர்ச்சீட்டுக்கு) பின்னால் வேறு இமேஜ் வந்திருக்கலாம், பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட்-கெட் புதிய பேக்கேஜை இழுத்திருக்கலாம். டெஸ்ட் பண்ணியது ஒன்று, கஸ்டமரிடம் போவது இன்னொன்று! ஒரே தடவை பில்டு பண்ணுங்கள், கிட் கமிட் எண்ணை (அந்தக் கோடு பதிப்பின் அடையாளம்) டேகாகப் போட்டு, இமேஜ்களைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஏற்றுங்கள், அதே இமேஜை ஸ்டேஜிங்கில் சோதித்து அதையே புரொடக்‌ஷனுக்கு நகர்த்துங்கள். டேட்டாபேஸ் முகவரி மாதிரி இடத்துக்கு இடம் மாறுகிறவை ஓடும்போது வெளியிலிருந்து வரட்டும். பாஸ்வேர்டை மட்டும் டாக்கர்ஃபைலில் எழுதவே கூடாது, அடுத்த வரியில் அழித்தாலும் இமேஜின் முந்தைய லேயரில் (அடுக்கில்) அது கிடக்கும்.

'லேட்டஸ்ட்' டேகை நம்பி நானும் ஒரு ராத்திரி ரோல்பேக் பண்ண, அதாவது பழைய பதிப்புக்குத் திரும்பப் போய், நேற்று ஓடியது எந்த இமேஜ் என்று தெரியாமல் விடியும் வரை தேடியிருக்கிறேன். டேகை அனுமதி உள்ள எவரும் வேறு இமேஜுக்கு மாற்றி ஒட்டிவிடலாம், இமேஜின் கைரேகை மாதிரியான, ஷா256 என்று தொடங்கும் டைஜெஸ்ட்டை அப்படி மாற்ற முடியாது, உள்ளே ஒரு பைட் மாறினாலும் அது வேறாகிவிடும். ஒவ்வொரு டிப்ளாயிலும் அந்த டைஜெஸ்ட்டைப் பைப்லைன் குறித்து வைக்கட்டும். இரவு இரண்டு மணிக்கு ஏதாவது உடைந்தால், பழைய டைஜெஸ்ட்டைக் கொடுத்தால் போதும், பில்டு முடியும்வரை நீங்கள் விழித்திருக்க வேண்டியதில்லை.