Re: கிணற்று நீர் நிறம் மாறிவிட்டது, வழக்குப் போட முடியுமா?

பக்கத்துச் சாயப்பட்டறைக் கழிவால் கிணறு கெட்டுப்போனது, "சுத்தமான தண்ணீர் சட்டப்படி உரிமையெல்லாம் இல்லை" என்று ஊரில் ஒருவர் சொன்னார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னது தவறு. மாசற்ற நீரும் காற்றும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று 1991இலேயே சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1996இல் வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்றும் தீர்ப்பு வந்தது. 2022 ஜூலையில் ஐ.நா. பொதுச்சபையும் தூய சுற்றுச்சூழலை மனித உரிமையாக ஏற்றது. ஆனால் அந்தத் தீர்மானம் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது, அதைப் பற்றி மனுவில் ஒரு வரி போதும்.

சரி, உங்களுக்கு முக்கியம் நாள் கணக்கு. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மாசைத் தடுக்கக் கேட்டால் பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து 6 மாதம், இழப்பீட்டுக்கு 5 ஆண்டு. தகுந்த காரணம் இருந்தால் கூடுதலாக 60 நாள் தரலாம். தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான்.

அதற்கு முன், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பட்டறையின் கழிவுநீரை அவர்களே மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பாட்டிலில் பிடித்துக் கொடுப்பதை எதிர்த்தரப்பு எளிதாக உடைத்துவிடும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மனுநாளிலும் ஒரு நகல் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள் (வாங்காமல் கிளம்பாதீர்கள்!).

நிறம் மாறியதை முதலில் எந்த மாதம் கவனித்தீர்கள்? அதைச் சொன்னால் மேலே பேசலாம்.