குதிகால் எழும்பாத பூட்ஸ்: வாசகர் கேள்வி பதில்

ஒன்டாரியோவில் காலிங்வுட் பக்கம் ஒரு பனிச்சறுக்குக் கடையில் கால் அளவு பார்த்து பூட்ஸ் மாட்டிவிடுவது என் வேலை. ஸ்னோபோர்டு (ஒரே பலகையில் இரண்டு காலையும் மாட்டிப் பனியில் சறுக்குவது) பூட்ஸ் பற்றி வந்த கேள்விகளில் நான்கு இங்கே.

கேள்வி: போன குளிர்காலம் உங்கள் காலிங்வுட் பக்கத்து புளூ மவுண்டன் மலையில் வாடகை பூட்ஸ் போட்டு ஸ்னோபோர்டு பழகினேன். கால் பயங்கரமாக வலித்தது. இந்த முறை சொந்தமாக வாங்கலாம் என்று கடைக்குப் போனால், அவர்கள் கொடுத்த 25 (சென்டிமீட்டர்) அளவு விரல் நுனியில் படுகிறது. 26 சுகமாக இருக்கிறது. எதை வாங்குவது? மார்ச்சில் மேற்குக் கனடாவின் விஸ்லர் மலைக்குப் போகும் எண்ணமும் உண்டு. ஒரே பூட்ஸ் இரண்டு இடத்துக்கும் சரிவருமா? (வாசகி, ஸ்கார்பரோ)

பதில்: அவசரப்பட்டு 26-ஐ வாங்கிவிடாதீர்கள். வாடகை பூட்ஸில் கால் வலித்தது என்று வருகிறவர்களில் பலருக்கும் நான் பார்ப்பது, பூட்ஸ் சின்னதாக இருந்ததல்ல, தொளதொளவென்று இருந்ததுதான். பலர் போட்டுப் போட்டு உள்ளே இருக்கும் லைனர் (மெத்தை போன்ற உள்ளுறை) அமுங்கிப்போயிருக்கும். குதிகால் மேலும் கீழும் ஆடும். அதை நிறுத்த லேஸை இழுத்து இறுக்குவோம், பாதத்தின் மேல்பக்கம் நசுங்கும். விரல்கள் பிடிமானம் தேடி மடங்கியே இருப்பதால் உள்ளங்கால் பிடித்துக்கொள்ளும்.

கடையில் இப்படிச் செய்து பாருங்கள். பனியில் போடப்போகிற அதே சாக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். பூட்ஸுக்குள் காலை விட்டதும் குதிகாலைத் தரையில் இரண்டு மூன்று முறை பின்பக்கமாகத் தட்டி, கால் முழுக்கப் பின்னால் போய் உட்கார்ந்த பிறகு கீழிருந்து மேலாக இறுக்குங்கள். நிமிர்ந்து நின்றால் கட்டைவிரல் நுனி லேசாக முன்பக்கம் தொட வேண்டும். அப்புறம் முட்டியை மடக்கி முன்னால் சாயுங்கள். விரல் கொஞ்சம் பின்வாங்கினால் அளவு சரி. சாய்ந்தபடியே குதிகாலைத் தூக்கப் பாருங்கள். பூட்ஸோடு சேர்ந்து எழும்பினால் நல்லது, பூட்ஸுக்குள் குதிகால் மட்டும் தனியாக எழும்பினால் அந்த ஜோடி வேண்டாம். போர்டை முன்விளிம்பில் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த ஆட்டம்தான் உங்களைத் தாமதப்படுத்தும்.

இதெல்லாம் சரியாக வந்தாலும் உடனே பில் போட்டுவிடாமல் கால் மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டே கடைக்குள் நடங்கள். எல்லாப் பக்கமும் சமமாக இறுக்கினால் பயமில்லை. லைனர் போகப் போக அமுங்கி இடம் கொடுக்கும். சூடுபடுத்தி உங்கள் கால் வடிவுக்குக் கொண்டுவரும் வசதியும் பல கடைகளில் உண்டு. ஆனால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தால் அந்த மாடலே உங்கள் காலுக்கு ஆகாது. விரல் மடங்கியே நிற்கிறது என்றால் 25.5 கேளுங்கள்.

அகலத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். செருப்பு போட்டே வளர்ந்த நம் ஆட்கள் பலருக்கு விரல் பக்கம் விரிந்திருப்பதைத் தினமும் பார்க்கிறேன். அகலம் போதாமல் நீளத்தைக் கூட்டி வாங்குவார்கள், அதுதான் வீண். உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். பாதம் இரண்டு பக்கமும் வழிந்தால் அதே நீளத்தில் வைடு மாடல் வேண்டும்.

புளூ மவுண்டன், விஸ்லர் இரண்டுக்கும் ஒரே பூட்ஸ் தாராளமாகப் போதும். இங்கே மலையின் மொத்த இறக்கமே 219 மீட்டர்தான், ஆனால் இரவில் பனி இறுகிக் கண்ணாடியாகிவிடும். விஸ்லரில் இறக்கம் 1,500 மீட்டருக்கு மேல், கால் ஓயாமல் வேலை செய்யும். பூட்ஸின் விறைப்பை 1 முதல் 10 வரை எண்ணால் சொல்வார்கள். நீங்கள் 4 முதல் 6-க்குள் பாருங்கள். மெத்தென்று இருப்பது நீண்ட சரிவில் கெண்டைக்காலைக் களைக்க வைக்கும், ரொம்ப விறைப்பானது பழகுகிறவர்களின் சின்னத் தடுமாற்றத்தைக்கூடப் பொறுக்காது. ஒரு கம்பெனியின் 5 இன்னொரு கம்பெனியின் 5 அல்ல, அதனால் எண்ணோடு நிறுத்தாமல் மடக்கியும் பாருங்கள்.

லேஸா, திருகும் போவா டயலா என்பது அவரவர் வசதி. கையுறையைக் கழற்றாமல் இறுக்க டயல்தான் சுலபம். வாங்குவதானால் பாதத்துக்கு ஒன்று, கணுக்காலுக்கு ஒன்று என்று இரண்டு டயல் உள்ளதாக வாங்குங்கள். குதிகாலை இறுக்கிவிட்டு விரல் பக்கத்தைத் தளர விடலாம். ஏற்கெனவே பைண்டிங் (பூட்ஸைப் போர்டோடு பிணைக்கும் பிடி) வைத்திருந்தால் அதைக் கையோடு கடைக்கு எடுத்துப்போங்கள். பர்ட்டனின் ஸ்டெப் ஆன் மாதிரி பைண்டிங்குகளில் அதற்கென்றே செய்த பூட்ஸ் மட்டும்தான் மாட்டும்.

கேள்வி: சுவிட்சர்லாந்தில் லாக்ஸ் மலைக்குச் சறுக்கப் போனால் அரை மணி நேரத்தில் கால்விரல் மரத்துப்போகிறது. இரண்டு சாக்ஸ் போடலாமா? (வாசகர், பெர்ன்)

பதில்: வேண்டாம். இரண்டாவது சாக்ஸ் இடத்தை அடைத்து ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், மடிப்பு விழுந்த இடத்தில் கடிக்கவும் செய்யும். மெரினோ கம்பளியில் மெல்லியதாக ஒன்று போதும். பருத்தி வேர்வையை வைத்துக்கொள்ளும், கூடவே கூடாது. காரில் போட்டு வந்த சாக்ஸோடு பூட்ஸை மாட்டாமல், மலையடிவாரத்தில் காய்ந்த ஜோடிக்கு மாறுங்கள். லிஃப்டில் ஏறியதும் பாதத்துப் பக்க இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சர்க்கரை உள்ளவர் என்றால் மரத்துப்போவதைக் குளிர் மேல் பழி போட்டு விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: பிப்ரவரியில் நண்பர்களோடு குல்மார்க் போய் ஸ்னோபோர்டு பழகப்போகிறோம். பூட்ஸை ஆன்லைனில் வாங்கிவிடலாமா? (வாசகர், சென்னை)

பதில்: போட்டுப் பார்க்காமல் வாங்கவே வேண்டாம். அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஊரிலிருந்து நல்ல சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்துப்போங்கள். சுவரில் குதிகாலை ஒட்டி நின்று இரண்டு கால்களின் நீளத்தையும் சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். பூட்ஸ் அளவு அந்தக் கணக்கில்தான் வரும். கடையில் தருவதை அப்படியே வாங்கிக்கொண்டு வராமல், டயல் வழுக்குகிறதா, லைனர் ஈரமாக இருக்கிறதா, அடிப்பாகம் பிய்ந்திருக்கிறதா என்று பார்த்து, தயங்காமல் வேறு ஜோடி கேளுங்கள். ஊர் திரும்பிய பிறகும் ஆசை விடவில்லை என்றால், முதல் செலவு பூட்ஸுக்கு. போர்டை அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: பூட்ஸ் நாற்றமெடுக்கிறது, மறுநாளும் ஈரம் காய்வதில்லை. ஹீட்டர் பக்கம் வைக்கலாமா? (வாசகி, பிராம்ப்டன்)

பதில்: ஹீட்டருக்கு மிக அருகில் வைத்தால் பசை விட்டுப்போகும், லைனர் வடிவம் கெடும். வீட்டுக்கு வந்ததும் லைனரையும் இன்சோலையும் தனியாக வெளியே எடுங்கள். லேஸை முழுக்கத் தளர்த்தி வாயை விரித்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணியுங்கள். இரவு படுக்கப்போகும்முன் தாளை ஒரு முறை மாற்றினால் காலையில் காய்ந்திருக்கும். பூட்ஸைக் கார் டிக்கியிலேயே விட்டுவிடும் பழக்கம் இருந்தால் அதை இன்றோடு நிறுத்துங்கள்.