வாசகர் கேள்வி–பதில்: 'ஓரளவு மெய்' என்பதற்கு ஒரு கணக்கு

ஒரு கூற்றின் மெய்மதிப்பு 0 (பொய்), 1 (மெய்) ஆகிய இரண்டோடு நின்றுவிட வேண்டியதில்லை, இடையிலுள்ள எண்களும் மதிப்பாகலாம் என்பது பன்மதிப்புத் தருக்கத்தின் அடிப்படை. அதைப் பற்றி வாசகர்கள் எழுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: ஒரு கூற்று 0.7 அளவுக்கு மெய் என்பதும், அது மெய்யாக இருக்க 70 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதும் ஒன்றுதானே?

அல்ல. ஒரு நாணயத்தைச் சுண்டும்போது 'தலை விழும்' என்பதன் நிகழ்தகவு 0.5, 'பூ விழும்' என்பதன் நிகழ்தகவும் 0.5. இவ்விரண்டையும் 'உம்' கொண்டு இணைத்தால் கிடைப்பது 0. 'தலை விழும்' என்பதை அதனோடே இணைத்தால் கிடைப்பது 0.5. இரண்டு இடத்திலும் உள்ளே போனவை 0.5, 0.5 தாம், வெளியே வந்தவைதாம் வேறு. ஆகவே, பகுதிகளின் நிகழ்தகவை மட்டும் வைத்துக்கொண்டு முழுக் கூற்றின் நிகழ்தகவைச் சொல்லிவிட முடியாது. பன்மதிப்புத் தருக்கத்திலோ பகுதிகளின் மதிப்பே முழுமையின் மதிப்பைத் தீர்மானிக்கிறது. நிகழ்தகவு நம் அறியாமையை அளக்கிறது. மெய்மதிப்பு, எல்லாம் அறிந்த பின்னும் 'உயரமானவர்' போன்ற சொல் ஒருவருக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை அளக்கிறது.

கேள்வி: 0 முதல் 1 வரையுள்ள எண்கள் கையில் இருக்கும்போது, இத்துறையினர் இயற்கணிதத்தை ஏன் இழுத்து வருகிறார்கள்?

எண்களைக் கூற்றுகளுக்குக் கொடுப்பது எளிது. கொடுத்த எண்களை எப்படி இணைப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 'க' என்ற கூற்றின் மதிப்பு 0.7, 'ச' என்பதன் மதிப்பு 0.6 என்று கொள்வோம். 'கவும் சவும்' என்பதன் மதிப்பு என்ன? 1920-இல் மும்மதிப்புத் தருக்கத்தை முன்வைத்த போலந்து அறிஞர் யான் வூகஷேவிச்சின் பெயரால் வழங்கும் முறையில், இரண்டையும் கூட்டி 1-ஐக் கழிக்க வேண்டும், விடை எதிர்ம எண்ணானால் 0 என்று கொள்ள வேண்டும், இங்கே 0.3 வருகிறது. தருக்கவியலாளர் கோடெலின் பெயர் தாங்கிய முறையில் இரண்டில் சிறியதை எடுத்தால் 0.6. பெருக்கினால் 0.42. மூன்றும் ஒழுங்கான வழிகளே: வரிசை மாற்றினாலும் விடை மாறாது, 1-ஓடு இணைத்தால் மதிப்பு அப்படியே இருக்கும், ஒரு மதிப்பு உயர்ந்தால் விடை குறையாது. இத்தகைய செயலிகளுக்கு டி-நார்ம் என்று பெயர்.

அடுத்து 'எனில்' வருகிறது. இதையும் விருப்பம்போல் வரையறுக்கலாம் என்று பலர் நினைக்கின்றனர். என் பார்வையில் இத்துறையைப் பற்றிய தவறான எண்ணங்களில் பெரியது இதுதான். 'க எனில் ச' என்பதன் மதிப்பு, 'க'வின் மதிப்போடு இணைத்த பின்னும் 'ச'வின் மதிப்பைத் தாண்டாத எண்களிலேயே மிகப் பெரியது. ரெசிடுவேஷன் எனப்படும் இந்த ஒரே விதி 'உம்' என்பதையும் 'எனில்' என்பதையும் பிரிக்க முடியாமல் கட்டிவிடுகிறது. மேற்சொன்ன எண்களுக்கு, வூகஷேவிச் முறையில் 0.9, கோடெல் முறையில் 0.6, பெருக்கல் முறையில் 6/7 என 'எனில்' தானாகவே கிடைக்கிறது. 'க'வும் 'க எனில் ச'வும் இருந்தால் 'ச'வுக்குப் போகலாம் என்ற பழைய அனுமான விதி, மதிப்பைச் செயற்கையாக உயர்த்திவிடாமல் காப்பதும் இதுவே.

இந்த இடத்தில் எண்களை மறந்துவிட்டு, விதிகளை மட்டும் பாருங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றை இருபுறமும் நிரூபிக்கக்கூடிய கூற்றுகளை ஒரே வகுப்பாகத் திரட்டினால், அவ்வகுப்புகள்மீது 'உம்', 'எனில்', மறுப்பு ஆகியவை செயலிகளாகிவிடுகின்றன. லிண்டன்பாம், டார்ஸ்கி இருவர் பெயராலும் வழங்கும் இந்த உத்தியை இருமதிப்புத் தருக்கத்துக்குப் பயன்படுத்தினால் பூலியன் இயற்கணிதம் கிடைக்கிறது. வூகஷேவிச் தருக்கத்துக்குப் பயன்படுத்தினால் கிடைப்பது, 1958-இல் தருக்கவியலாளர் சி. சி. சாங் அறிமுகப்படுத்திய எம்வி (பன்மதிப்பு) இயற்கணிதம். 0 முதல் 1 வரையுள்ள எண்களில் எப்போதும் நிற்கும் சமன்பாடு ஒவ்வொன்றும் எல்லா எம்வி இயற்கணிதங்களிலும் நிற்கும் என்று அவர் அடுத்த ஆண்டே நிறுவினார். தொடர்ச்சியான (மதிப்பு சற்றே மாறினால் விடை திடீரெனத் தாவாத) டி-நார்ம்கள் அனைத்துக்கும் பொதுவான தருக்கத்தை 1998-இல் செக் தருக்கவியலாளர் பெட்ர் ஹாயெக் பிஎல் (அடிப்படைத் தருக்கம்) என்ற பெயரில் வடித்தார். அது உண்மையிலேயே அவை அனைத்துக்கும் பொதுவானதை முழுமையாகப் பிடிக்கிறது என்பது 2000-இல் நிரூபணமானது.

கேள்வி: 'க'வும் 'க அல்ல' என்பதும் சேர்ந்து மெய்யாகலாம் என்றால் முரண்பாட்டுக்கே இடம் கொடுத்ததாகாதா?

எந்த 'உம்' என்று முதலில் கேட்க வேண்டும். வூகஷேவிச் தருக்கத்தில், மறுப்பின் மதிப்பு 1-இலிருந்து 'க'வின் மதிப்பைக் கழித்தால் வருவது; 'க'வின் மதிப்பு 0.5 ஆனால் மறுப்பின் மதிப்பும் 0.5, சிறியதை எடுக்கும் மென்மையான 'உம்' 0.5 தருகிறது, கூட்டி 1-ஐக் கழிக்கும் வலிய 'உம்' 0 தருகிறது. வலிய இணைப்பில் முரண்பாடு எப்போதுமே முழுப் பொய்தான்.

கேள்வி: மணற்குவியல் புதிரை இந்தத் தருக்கம் தீர்த்துவிட்டது என்கிறார்கள். எப்படி?

தீர்த்துவிட்டது என்பது மிகை. எங்கே வழுக்குகிறோம் என்று காட்டுகிறது என்பது பொருத்தம். 10,000 மணிகள் ஒரு குவியல். ஒரு மணியை எடுத்தாலும் குவியல் குவியலே. இப்படியே போனால் மணியே இல்லாததும் குவியலாகிவிடும். எத்தனை மணிகளோ அதை 10,000-ஆல் வகுத்தால் வருவதே 'இது குவியல்' என்பதன் மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். 'இத்தனை மணிகள் குவியல் எனில், ஒன்று குறைந்தாலும் குவியல்' என்ற ஒவ்வொரு படியின் மதிப்பும் வூகஷேவிச் முறையில் 0.9999, முதல் படியும் அதுதான், கடைசிப் படியும் அதுதான். எந்தப் படியையும் மறுக்க நமக்கு மனம் வராததன் காரணம் இதுவாக இருக்கலாம். ஆனால் 10,000 படிகளையும் வலிய 'உம்' கொண்டு இணைத்தால் 0.0001 வீதம் தேய்ந்து தேய்ந்து 0-வில் முடிகிறது. ஒரே முற்கோளை (அனுமானத்துக்கு அடிப்படையாகக் கொள்ளும் கூற்றை) இரண்டு முறை பயன்படுத்துவதும் ஒரு முறை பயன்படுத்துவதும் இங்கே சமமல்ல.

கோடெல் முறையில் கதை வேறு. பாதி வழியில், 5,000 மணிகளிலிருந்து 4,999-க்கு இறங்கும் படியின் மதிப்பு 0.4999 ஆகிவிடுகிறது. அந்தப் படி அவ்வளவு சந்தேகத்துக்குரியதாக யாருக்கும் தோன்றுவதில்லை. பெருக்கல் முறை அங்கே 0.9998 என்று நன்றாகவே நடந்துகொண்டு, கடைசி மணியை எடுக்கும்போது திடீரென 0-க்கு விழுகிறது.

கேள்வி: எண் அல்லாத மெய்மதிப்புகள் உண்டா? உண்டென்றால் அவற்றால் என்ன பயன்?

உண்டு. சாங் கொடுத்த எடுத்துக்காட்டில் 0-க்குச் சற்றே மேலே 'நு' என்ற ஒரு மதிப்பு இருக்கிறது; அதை எத்தனை முறை கூட்டினாலும் 1-ஐ எட்டாது, 1-க்குக் கீழிருந்து இறங்கிவரும் '1 கழித்தல் நு' போன்றவற்றைக்கூட எட்டாது.

இதன் பயன் முடிவிலி முற்கோள்களின்போது வெளிப்படுகிறது. இங்கே கூட்டுவது என்றால், மதிப்புகளைக் கூட்டி, 1-ஐத் தாண்டினால் 1 என்று கொள்வது. 'கவை ஒரு முறை கூட்டியது எனில் ச', 'இரண்டு முறை கூட்டியது எனில் ச', 'மூன்று முறை கூட்டியது எனில் ச' என்று முடிவில்லாமல் நீளும் முற்கோள்கள் எல்லாமே முழு மெய் என்று கொள்வோம். மதிப்புகள் எண்களாக மட்டுமே இருந்தால், 'க'வின் மதிப்பு 0 ஆக வேண்டும் அல்லது 'ச'வின் மதிப்பு 1 ஆக வேண்டும். ஆகவே, இரண்டில் பெரியதை எடுக்கும் 'அல்லது' கொண்டு இணைத்த 'க அல்ல, அல்லது ச' என்பது முழு மெய். ஆனால் எந்த நிரூபணமும் இந்த முற்கோள்களில் முடிவுள்ள எண்ணிக்கையிலான சிலவற்றை மட்டுமே பயன்படுத்த முடியும். முதல் 99 முற்கோள்களை மட்டும் எடுத்தால், 'க'வுக்கு 0.01, 'ச'வுக்கு 0.99 என்று கொடுத்து முடிவை 0.99-க்கு இறக்கிவிடலாம். எத்தனை முற்கோள்களை எடுத்தாலும் இதே உத்தி செல்லும். ஆக, எண்களின் உலகில் மெய்யாகவே பின்தொடரும் ஒரு முடிவை நிரூபணம் எட்டவே முடியாமல் நிற்கிறது. சாங்கின் இயற்கணிதத்தில் 'க'வுக்கு 'நு'வையும் 'ச'வுக்கு '1 கழித்தல் நு'வையும் கொடுங்கள்: எல்லா முற்கோள்களும் ஒருசேர முழு மெய்யாகின்றன, முடிவு மட்டும் 1-க்கு ஒரு 'நு' குறைவாக நிற்கிறது.